டப்பாவின் பின்பக்கம்

புது ஆயில் டப்பாவை உடைத்ததும் ஒரு சொட்டைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பது எங்கள் தொழிலில் பழைய பழக்கம். விரலில் ஒட்டிக்கொண்டு மெல்ல இழுபட்டால் “நல்ல கனமான ஆயில்” என்போம். சட்டென்று வழிந்துவிட்டால் “தண்ணி மாதிரி இருக்கு, இன்ஜின் தாங்காது” என்று தள்ளிவைப்போம். வண்டிக்காரர்களும் இதே மொழியைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஸ்பேர்ஸ் கடைக்கு வந்து நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது “கனமா ஒரு ஆயில் குடுங்கண்ணே” என்றுதான். கிரேடு என்ன, வண்டிக் கம்பெனி என்ன சொல்லியிருக்கிறது என்ற கேள்வி எழுவதே இல்லை. நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மோட்டார் சைக்கிளுக்கு எந்த ஆயில் என்பதை விரலோ விலையோ பிராண்டின் பெயரோ தீர்மானிக்க முடியாது. இன்ஜினை வடிவமைத்தவர்கள் கையேட்டில் எழுதிவைத்திருக்கும் மூன்று குறிகள் தீர்மானிக்கின்றன. ஆயில் டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்தில் அதே மூன்று குறிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் மெக்கானிக்கின் வேலை. கேட்க மிக எளிதான இந்த வேலையைத்தான் நாங்கள் அதிகம் தவறவிடுகிறோம்.

விரலை நம்பும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் அதற்கும் ஒரு நியாயம் இருந்தது தெரியும். எங்களுக்கு முந்தைய தலைமுறை தொழில் கற்றது இரும்பு இன்ஜின் புல்லட்டிலும் டூ ஸ்ட்ரோக் வண்டிகளிலும். பழைய புல்லட்டில் இன்ஜினுக்கு ஒரு ஆயில், கியர்பாக்ஸுக்குத் தனியாக ஒன்று, கிளட்சும் பிரைமரி செயினும் ஓடும் பெட்டிக்கு மற்றொன்று என்று மூன்று இடத்தில் மூன்று ஊற்று. ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் டூடி ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து புகையாகிவிடும். கியர்பாக்ஸ் ஆயில் அதோடு கலக்காது. ஓர் ஆயிலுக்கு ஒரு வேலை என்றிருந்த காலத்தில் கனம் பார்த்து வாங்குவது ஓரளவுக்குச் சரியாகவே இருந்தது. இன்று சாலையில் ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் அப்படியல்ல. ராயல் என்ஃபீல்டும் 2008-க்குப் பிறகு இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒரே உடலாக்கிய யூசிஇ இன்ஜினுக்கு மாறிவிட்டது. ஒரே கிரான்க் கேஸ், ஒரே ஆயில். பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவில் படலமாக நிற்பது, கேமையும் ராக்கரையும் தேய்மானத்திலிருந்து காப்பது, கியர் பற்களின் நசுக்கலைத் தாங்குவது, கிளட்ச் தட்டுகளை நனைத்தும் அவை வழுக்காமல் பார்த்துக்கொள்வது என எல்லாமே அந்த ஒரே ஆயிலின் பாடு. அதுவும் காரில் மூன்று நான்கு லிட்டர் ஆயில் பங்குபோட்டுச் செய்வதைவிட அதிக வேலையை, 100 சிசி வண்டியில் ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில் நிமிடத்துக்கு 8,000 சுற்று வேகத்தில் செய்து முடிக்க வேண்டும். இத்தனை வேலைகளில் கனம் என்பது ஒன்றுக்கு மட்டுமே பதில். அந்த ஒன்றையும் விரல் தப்பாகத்தான் சொல்கிறது.

எப்படித் தப்பு என்று பார்ப்போம். டப்பாவில் பெரிய எழுத்தில் இருக்கும் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்பவை எஸ்ஏஈ என்ற பொறியாளர் அமைப்பு வகுத்த கிரேடுகள். கடைசி எண் ஆயில் 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதன் குறி. 30 என்றால் அந்தச் சூட்டில் 9.3-லிருந்து 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள். 40 என்றால் 12.5-லிருந்து 16.3-க்குள். 50 என்றால் 16.3-லிருந்து 21.9-க்குள். சென்டிஸ்டோக்ஸ் என்பது ஆயில் ஓடத் தயங்குவதை அளக்கும் அலகு. எண் கூடக் கூட ஆயில் கெட்டி. விரல் தொடுவதோ கடையின் சூட்டில், 30, 35 டிகிரியில். பொதுவான ஒரு 10டபிள்யூ-30 ஆயில் 40 டிகிரியில் ஏறக்குறைய 70 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும். 20டபிள்யூ-50 ஆயில் 160-ஐத் தொடும். விரலுக்கு அது மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அதே இரண்டும் 100 டிகிரிக்குப் போனால் ஒன்று பத்து பதினொன்றிலும் மற்றொன்று பதினெட்டை ஒட்டியும் நிற்கும். கடையில் 90 அலகாகத் தெரிந்த இடைவெளி இன்ஜினுக்குள் ஏழெட்டு அலகாகச் சுருங்கிவிடுகிறது. தேன்போல் இழுபட்ட ஆயிலும் சூட்டில் தண்ணீராகத்தான் ஓடும். சூடான இன்ஜினுக்குள் அதன் குணம் என்ன என்பதை ஆறிய சொட்டில் தேடுவது, கொதிக்கும் குழம்பின் பதத்தை ஆறிய கரண்டியில் பார்ப்பது போன்றது.

இங்கே எழும் முதல் ஆட்சேபம் வெயில். “ஜப்பான்காரன் குளிர் ஊருக்குச் சொன்ன 10டபிள்யூ-30 நம்ம ஊர் சித்திரை வெயிலுக்குத் தாங்குமா?” என்று கேட்காத வண்டிக்காரர் இல்லை. கேள்வி நியாயமானது, ஏனென்றால் காற்றால் குளிரும் இன்ஜின் வெளிச்சூட்டைப் பொறுத்தே ஆறுகிறது. வெளியில் பத்து டிகிரி கூடினால் ஆயிலின் சூடும் கிட்டத்தட்ட அவ்வளவு கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஓடும் இன்ஜினின் ஆயில் நல்ல நாளிலேயே 90, 100 டிகிரியில் இருக்கிறது. நெரிசலில் இன்னும் ஏறும். கிரேடை வகுத்தவர்கள் இதை விட்டுவிடவில்லை. 100 டிகிரியில் அளப்பதோடு, 150 டிகிரிச் சூட்டில் பேரிங்குக்குள் நடப்பது போன்ற கடும் உராய்வை உண்டாக்கி, அங்கேயும் ஆயில் குறைந்தபட்சக் கனத்தை விடாமல் வைத்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 30 கிரேடுக்கு அந்த எல்லை, சென்டிஸ்டோக்ஸ் அல்லாத வேறோர் அலகில், 2.9. ஸ்ப்ளெண்டருக்கு 10டபிள்யூ-30 என்று எழுதியவர்கள் அந்த வண்டியை விற்பது ராஜஸ்தானின் மணலிலும் விதர்பாவின் கோடையிலும்தான். அந்த இன்ஜினின் ஆயில் பம்ப், பேரிங் இடைவெளி, ஆயில் போகும் துளைகள் எல்லாம் அந்தக் கனத்துக்குக் கணக்குப் போட்டு அறுத்தவை. பஜாஜ் பழைய பல்சருக்கு 20டபிள்யூ-50 சொன்னதும், ராயல் என்ஃபீல்டு 350-க்கு 15டபிள்யூ-50 சொன்னதும் அவரவர் இன்ஜினின் கணக்கு. ஒன்று உசத்தி, ஒன்று மட்டம் என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. சில கையேடுகளில் வெளிச்சூட்டுக்கு ஏற்ப இரண்டு மூன்று கிரேடுகளைக் காட்டும் பட்டை ஒன்று இருக்கும். வெயிலுக்காகக் கனம் கூட்ட விரும்பினால் அந்தப் பட்டைக்குள் கூட்டிக்கொள்ளலாம். பட்டைக்கு வெளியே போவதுதான் சூதாட்டம்.

முதல் எண்ணைப் பற்றிய வாதம் வேறு மாதிரி. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. 20டபிள்யூ ஆயில் மைனஸ் 15 டிகிரியில் இன்ஜின் சுழலத் தடை செய்யாத அளவுக்கு இளகியிருக்க வேண்டும். 10டபிள்யூ மைனஸ் 25-லும் அப்படியே இருக்க வேண்டும். ஊட்டியில் உறைபனி விழும் மார்கழி, தை இரவுகளை விட்டால் தமிழ்நாட்டில் சுழியம் டிகிரியே கிடையாதே, பிறகு நமக்கு எதற்கு 10டபிள்யூ என்று கேட்கிறார்கள். சோதனை நடப்பது மைனஸ் சூட்டில் என்றாலும் அதன் பலன் நம் ஊர் விடியலிலும் கிடைக்கிறது என்பதே பதில். இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆயில் எல்லாம் கீழே இறங்கியிருக்கும். ஸ்டார்ட் ஆன நொடியில் பம்ப் அதை உறிஞ்சி, குறுகலான வழியில் ஏற்றி, மேலே கேமுக்குக் கொண்டுபோக வேண்டும். 25 டிகிரியிலும் 20டபிள்யூ-50 ஆயில் 10டபிள்யூ-30-ஐப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி. அந்தத் தாமதத்தில் கேமும் ராக்கரும் நேற்றைய மிச்சப் படலத்தை நம்பித்தான் உரசுகின்றன. ஒரு நாளைக்கு இருபது முறை நிறுத்தி ஸ்டார்ட் பண்ணும் பால்காரர் வண்டிக்கும், பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் இரண்டு கிலோமீட்டர் ஓடும் வீட்டு வண்டிக்கும் ஓட்டத்தைவிட ஸ்டார்ட்டே பெரிய சோதனை. 10டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் கனமான ஆயிலை ஊற்றிவிட்டு “சத்தம் குறைஞ்சிடுச்சு பாருங்க” என்று காட்டுவது சுலபம். காலையில் ஹெட்டுக்கு ஆயில் ஏறத் தாமதமாவதை யாரும் காதால் கேட்பதில்லை. கூடவே கனமான ஆயிலைக் கடைந்துகொண்டு ஓடும் இன்ஜின் மைலேஜையும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

அப்படியானால் போர் தேய்ந்து, புகை விட்டு, ஆயில் குடிக்கும் பழைய வண்டிக்கும் கனமான ஆயில் கூடாதா? இந்த ஒரு இடத்தில் பழைய பழக்கத்துக்குப் பாதி நியாயம் உண்டு. ரிங் இடைவெளி கூடிய இன்ஜினில் ஒரு படி கனமான ஆயில் எரிந்து போவதைக் கொஞ்சம் குறைக்கும், சத்தத்தையும் மூடும். ஆனால் அது காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுவது. தேய்ந்த பிஸ்டனும் ரிங்கும் அப்படியேதான் இருக்கும். அடுத்த ஆறு மாதத்தில் போர் பண்ணி, பிஸ்டன் கிட் மாற்றித்தான் ஆக வேண்டும். வண்டிக்காரரிடம் கையில் பணம் இல்லாதபோது இந்த வழியைச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் இது தள்ளிப்போடுவது மட்டும்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நோயாளி வண்டிக்குச் சொன்ன மருந்தை நல்ல வண்டிக்கும் ஊற்றத் தொடங்கியதுதான் எங்கள் பட்டறைகளில் பரவிப்போன பெரிய தப்பு.

இதுவரை பேசியது டப்பாவின் முன்பக்கம். மோட்டார் சைக்கிளுக்கு இதைவிட முக்கியமான குறி பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது: ஜாசோ எம்ஏ, எம்ஏ2, எம்பி. கனம் பிசகினால் தேய்மானம் மெல்லத்தான் வரும். இந்தக் குறி பிசகினால் ஏற்றத்தில் போகும்போதே வண்டி காட்டிக்கொடுத்துவிடும். காரணம் தெரிய வேண்டுமென்றால் கிளட்ச் பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆயில் சொட்டச் சொட்ட ஒரு கூடை வெளியே வரும். அதற்குள் உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட்டும் வெறும் ஸ்டீல் பிளேட்டும் ஒன்றுவிட்டு ஒன்று அடுக்கியிருக்கும். ஸ்பிரிங்குகள் அந்த அடுக்கை நெருக்கிப் பிடிக்கும் பிடிதான் இன்ஜினின் இழுவையைப் பின்சக்கரத்துக்கு அனுப்புகிறது. நல்ல பிளேட்டின் முகத்தில் சிறு சிறு கட்டங்களாக வெட்டிய பள்ளங்கள் தெரியும். நெருக்கும்போது ஆயில் அந்தப் பள்ளங்களுக்குள் ஒதுங்கி, மேடுகள் ஸ்டீலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லாமே எண்ணெயில் ஊறியபடி நடக்கிற பிடி இது. ஆயில் அளவுக்கு மேல் வழவழப்பைக் கொடுத்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். டாப் கியரில் ஆக்சிலேட்டர் முறுக்கினால் இன்ஜின் கத்தும், வண்டி முன்னால் பாயாது. வழுக்கும் பிளேட் சூடேறி, கருகி, பளபளவென்று கண்ணாடி போலாகிவிடும். அதன் பிறகு சரியான ஆயிலை ஊற்றினாலும் பிடி முழுதாகத் திரும்பாது.

கார் ஆயில்கள் போன வழிதான் இந்தக் குறி பிறக்கக் காரணம். பெட்ரோல் சிக்கனத்துக்காகக் கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்களைக் கூட்டத் தொடங்கினார்கள். காரின் கிளட்ச் எண்ணெய்க்கு வெளியே இருப்பதால் அதற்கு ஒன்றும் இல்லை. அதே ஆயிலை நம்பி ஊற்றிய மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் வழுக்கியது. இதைத் தீர்க்க 1998-ல் ஜாசோ என்ற ஜப்பானிய வாகனத் தர அமைப்பு டி903 என்ற அளவுகோலைக் கொண்டுவந்தது. கிளட்ச் பிளேட்டை அந்தந்த ஆயிலில் நனைத்துச் சுழலவிட்டு, ஓடும்போது எவ்வளவு பிடிக்கிறது, நின்ற நிலையில் எவ்வளவு பிடிக்கிறது, நிற்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று மூன்று விதமாக அளக்கிறார்கள். பிடி நன்றாக இருந்தால் எம்ஏ, குறைவாக இருந்தால் எம்பி. 2006-ல் எம்ஏ-வையே இரண்டாகப் பிரித்து, கூடுதல் பிடி உள்ளதற்கு எம்ஏ2 என்று பெயர் வைத்தார்கள். ஆக ஜாசோ எழுத்து ஆயிலின் உசத்தி மட்டத்தைச் சொல்வதில்லை. கிளட்சோடு அது எப்படிப் பழகும் என்பதைச் சொல்கிறது. கார் ஆயில் டப்பாவில் இருக்கும் வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில் ரிசோர்ஸ் கன்சர்விங் என்று அச்சிட்டிருந்தால், அது கார்க்காரருக்கு நல்ல செய்தி. மோட்டார் சைக்கிள்காரர் அந்த டப்பாவைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட வேண்டும். ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: கிளட்ச் வழுக்கினாலே ஆயில்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கேபிளில் ஃப்ரீ பிளே இல்லாமல் இழுத்து வைத்திருப்பதும், பிளேட் தேய்ந்து மெலிந்ததும், ஸ்பிரிங் தளர்ந்ததும் இதே நோயைத்தான் காட்டும். அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் ஆயிலிடம் வர வேண்டும்.

ஸ்கூட்டருக்கு இதே நியாயம் தலைகீழ். ஆக்டிவா போன்ற வண்டிகளில் கிளட்ச் பெல்ட் பெட்டிக்குள் உலர்ந்து ஓடுகிறது. இன்ஜின் ஆயில் அதைத் தொடுவதே இல்லை. அங்கே ஆயிலில் உராய்வு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மைலேஜ். அதனால்தான் ஹோண்டா தன் ஸ்கூட்டருக்கு எம்பி ஆயிலும் பைக்குக்கு எம்ஏ ஆயிலும் விற்கிறது, இரண்டும் 10டபிள்யூ-30 ஆக இருந்தாலும். விரலால் தொட்டுப் பார்த்தால் இந்த இரண்டு ஆயிலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. என் வாதத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. ஸ்கூட்டரில் தவறி எம்ஏ ஊற்றிவிட்டால் பெரிய சேதம் இல்லை, மைலேஜில் சிறு இழப்பு. பைக்கில் தவறி எம்பி ஊற்றினால் கிளட்ச் போகலாம். வீட்டில் இரண்டு வண்டியும் வைத்துக்கொண்டு ஒரே டப்பாவை இரண்டுக்கும் பிரித்து ஊற்றுகிறவர்கள் இந்த ஏற்றத்தாழ்வை மனதில் வைக்க வேண்டும். எல்லா ஸ்கூட்டருக்கும் எம்பிதான் என்று மனப்பாடம் செய்துகொள்வதும் சரியில்லை. அந்த வண்டியின் கையேடே கடைசி வார்த்தை.

மூன்றாவது குறி ஏபிஐ. அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம் பெட்ரோல் இன்ஜின் ஆயிலுக்கு எஸ் என்ற எழுத்தோடு இன்னொரு எழுத்தைச் சேர்த்து வகுப்பு தருகிறது. எஸ்எல் 2001-ல் வந்தது, எஸ்எம் 2004-ல், எஸ்என் 2010-ல், எஸ்பி 2020-ல். எழுத்து முன்னேற முன்னேற கசடு சேராமை, சூட்டைத் தாங்குவது, படிவு குறைவது போன்றவற்றில் சோதனை கடுமையாகிறது. கையேட்டில் எஸ்எல் என்றிருந்தால் எஸ்எல் அல்லது அதற்கு மேல் என்று பொருள். கீழே இறங்கக் கூடாது. இங்கே படித்தவர்களிடமிருந்து ஓர் ஆட்சேபம் வரும். புதிய வகுப்புகளில் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மானத்தைக் குறைத்துவிட்டார்களே, அதனால் பழைய எஸ்ஜே ஆயில்தானே பைக்குக்கு நல்லது என்பார்கள். குறைத்தது உண்மை. பாஸ்பரஸ் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுப்பதால், சிக்கன வகைக் கார் ஆயில்களில் அதன் உச்ச வரம்பை 0.08 சதவீதமாக்கினார்கள். ஆனால் ஜாசோ எம்ஏ முத்திரை வாங்க வேண்டிய ஆயிலில் பாஸ்பரஸ் 0.08-லிருந்து 0.12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கீழ் எல்லை கேமையும் கியரையும் காக்கிறது. மேல் எல்லை கன்வெர்ட்டரைக் காக்கிறது. 2020 ஏப்ரலிலிருந்து விற்கும் பிஎஸ்-6 வண்டிகள் எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு காவலும் வேண்டும். ஆகவே ஏபிஐ எழுத்தைத் தனியாகப் பார்த்துப் பயப்படுவதும் தனியாகப் பார்த்து மயங்குவதும் வேண்டாம். ஜாசோவோடு சேர்த்துப் படித்தால் கணக்கு நேராகிவிடும்.

இனி எல்லோரும் கேட்கும் மினரலா, சிந்தெடிக்கா என்ற கேள்வி. பணம் நேராகப் போகும் இடம் என்பதால் இதில் பொறுமை வேண்டும். ஃபுல்லி சிந்தெடிக் என்று எழுதிய எல்லா டப்பாவுக்குள்ளும் ஒரே பொருள் இல்லை. கச்சா எண்ணெயையே ஹைட்ரஜனால் கடுமையாகச் சுத்திகரித்த குரூப் 3 எண்ணெயையும் சிந்தெடிக் என்று விற்கலாம் என்று 1999-ல் அமெரிக்க விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு ஒன்று ஏற்றுக்கொண்ட பிறகு அந்தச் சொல் விரிந்துவிட்டது. அந்த எண்ணெயும் நல்ல எண்ணெயே. சூட்டில் சீக்கிரம் கெடாது, ஆவியாவது குறைவு. கேள்வி அது இந்த இன்ஜினுக்குத் தேவையா என்பதுதான். கியர் பற்கள் ஆயிலுக்குள் இருக்கும் நீண்ட பாலிமர் சரங்களை நசுக்கி அறுத்துக்கொண்டே இருக்கும். சூட்டில் கனம் குறையாமல் பார்த்துக்கொள்வது அந்தச் சரங்கள்தான். முதல் எண்ணும் கடைசி எண்ணும் விலகி நிற்க நிற்க அந்தச் சரங்களின் தேவை கூடும், அறுந்து கனம் இறங்கும் ஆபத்தும் கூடும். ராயல் என்ஃபீல்டு 650 கேட்கும் 10டபிள்யூ-50 போன்ற அகலமான கிரேடை நல்ல சிந்தெடிக் அடி எண்ணெய் இல்லாமல் காப்பாற்றுவது கடினம். அங்கே சிந்தெடிக் தேவை. நிதானமாக ஓடும் 100 சிசி வண்டியின் 10டபிள்யூ-30 குறுகலான கிரேடு. நேரத்துக்கு மாற்றினால் நல்ல மினரல் ஆயிலிலேயே அது தன் ஆயுளை ஓட்டிவிடும். விலை கூடிய ஆயிலை ஊற்றிவிட்டு, அதன் பெயரால் இரண்டு மடங்கு தூரம் ஓட்டுபவரைவிட, கையேடு சொன்ன சாதா ஆயிலை நேரத்துக்கு மாற்றுபவரின் இன்ஜின் சுத்தமாக இருக்கும். ஆயில் மாற்றும்போது பழைய ஆயிலோடு வெளியேறுவது இன்ஜின் அழுக்கு. அழுக்கை ஏந்திக்கொள்ளும் இடம் எவ்வளவு விலை கொடுத்தாலும் அந்த ஒரு லிட்டர்தான்.

லாரிக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 டீசல் ஆயிலை வாளியாக வாங்கி வைத்து எல்லா பைக்குக்கும் ஊற்றும் பட்டறைகளும் உண்டு. “வருஷக்கணக்கா ஊத்துறோம், ஒண்ணும் ஆகல” என்பது அவர்கள் வாதம். ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு எது ஆதாரம்? போர் இரண்டு வருடம் முன்னதாகத் தேய்ந்ததை எந்த வண்டிக்காரரும் ஆயிலோடு முடிச்சுப் போடுவதில்லை. “வண்டி பழசாயிடுச்சு” என்று முடித்துவிடுகிறார். கிளட்ச் பிளேட்டை மாற்றும்போது “பிளேட் கம்பெனி சரியில்லை” என்கிறோம். நாம் வேறு பெயர் சொல்லி எழுதிவிடும் நஷ்டங்களில் ஆயிலின் பங்கு மறைந்துபோகிறது. டீசல் ஆயிலாகவே இருந்தாலும் அதன் டப்பாவில் ஜாசோ எம்ஏ குறியும் வண்டி கேட்கும் கிரேடும் இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. இல்லாவிட்டால் அடுத்தவர் வண்டியில் சோதனை நடத்த நமக்கு உரிமை இல்லை. மேலே ஊற்றச் சொல்லி விற்கும் குட்டிக் குப்பி மருந்துகளுக்கும் இதே பதில். கிளட்ச் சோதனையில் தேறிய ஆயிலோடு சோதிக்காத ஒன்றைக் கலந்தால், அந்தத் தேர்ச்சி அத்தோடு முடிந்தது.

சரியான ஆயிலைத் தேர்ந்த பிறகும் அது சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை தொடர்கிறது. அங்கேயும் கண்ணும் விரலும் ஏமாற்றும். ஆயில் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். இன்ஜினுக்குள் படியும் கரியைக் கழுவித் தன்னோடு தூக்கிக்கொள்வது ஆயிலின் கடமை. கறுப்பு அது வேலை செய்வதன் அடையாளம். பயப்பட வேண்டியது வேறு அடையாளங்களுக்கு. பால்போல் வெளுத்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பெட்ரோல் வாசம் தூக்கலாக இருந்தால் ஆயில் நீர்த்திருக்கிறது. இன்ஜினைக் கழற்றும்போது, ஆயில் அழுக்கைச் சுமப்பதற்கு ஒரு நல்ல சாட்சி கிடைக்கும். பல 100 சிசி வண்டிகளில் காகித ஃபில்ட்டர் கிடையாது; ஒரு வலையும், கிரான்க்கோடு சேர்ந்து சுழலும் ஒரு கிண்ணமும்தான். சுழற்சியில் கனமான துகள்கள் கிண்ணத்தின் சுவரில் அப்பிக்கொள்ளும். மூடியைத் திறந்து ஒரு தட்டையான முனையால் சுரண்டினால் சாம்பல் நிறத்தில் களிமண் போல ஒரு பூச்சு எழுந்து வரும். விரலில் தேய்த்தால் மினுமினுக்கும். அந்த மினுமினுப்பு இன்ஜின் தன் உடம்பிலிருந்து இழந்த உலோகம். ஆயில் மாற்றத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு ஆயிரம் கிலோமீட்டரும் அந்தப் பூச்சில் ஒரு படலம்.

எத்தனை கிலோமீட்டர் என்பதையும் கையேடு சொல்லும். ஆனால் சிக்னலில் நின்று நின்று ஓடும் வண்டிக்கும் சாப்பாடு கொண்டுபோகும் டெலிவரி வண்டிக்கும் மீட்டர் முழுக்கணக்கைச் சொல்லாது. சக்கரம் நின்றாலும் இன்ஜின் ஓடுகிறது, ஆயில் வேகிறது. அந்த வண்டிகளுக்குக் கையேடு சொன்ன தூரத்துக்கு முன்பே மாற்றுவதுதான் கணக்கு. அளவும் அப்படித்தான். ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயிலில் 200 மில்லி எரிந்துபோனாலே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. மிச்சமுள்ள ஆயில் அத்தனை சூட்டையும் தன் தலையில் சுமக்கிறது. வெயிலுக்குக் கனமான ஆயில் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த அளவைத்தான். சமதரையில் வண்டியை நேராக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஆயில் இறங்கச் சில நிமிடம் கொடுத்து, டிப் ஸ்டிக்கைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் ஸ்டிக்கைத் திருகாமல் உட்காரவைத்துப் பார்ப்பது முறை. திருகினால் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். கண்ணாடி வைத்த வண்டியில் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் தெரிய வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் உபகாரம் இல்லை. கிரான்க் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்குப் படலமாக நிற்கும் பலம் கிடையாது.

இவ்வளவும் ஒரு சாதாரண வண்டிக்கு எதற்கு என்று கேட்கலாம். அந்த 100 சிசி வண்டியில்தான் ஒருவர் கட்டிட வேலைக்குப் போகிறார், காய்கறி மூட்டை ஏற்றுகிறார், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார். இன்ஜின் பிரிக்கும் செலவு அவருக்கு ஒரு மாத வருமானத்தையே தின்றுவிடும். அந்தச் செலவைத் தள்ளிவைக்கும் சாதனம் சில நூறு ரூபாய் டப்பாவில் இருக்கிறது. அதை அவர் எங்களை நம்பி, எதுவும் கேட்காமல் வாங்கிக்கொள்கிறார். அதனால் பட்டறைக்காரர்களுக்கு நான் வைக்கும் கோரிக்கை சின்னது. பில்லில் வெறுமனே “ஆயில்” என்று எழுதாமல் கிரேடு, ஜாசோ எழுத்து, மாற்றிய கிலோமீட்டர் மூன்றையும் எழுதுங்கள். காலி டப்பாவில் போலி ஆயில் திரும்ப நிரம்பாதபடி அதில் ஓட்டை போட்டுக் கொடுங்கள். வடித்த கறுப்பு ஆயிலைச் சாக்கடையில் விடாமல் கேனில் சேர்த்து, முறையாக எடுப்பவரிடம் கொடுங்கள். வண்டிக்காரர்களுக்கும் ஒன்று. கையேட்டில் ஆயில் பற்றிய அந்த ஒரு வரியை ஒரு சின்னத் தாளில் எழுதி, சைடு பேனலின் உள்பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை கவுன்ட்டரில் நிற்கும்போது கனமான ஆயில் கேட்க வேண்டாம். அந்த வரியைப் படித்துக் காட்டுங்கள், டப்பாவைத் திருப்பி அதே எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் உடைக்கச் சொல்லுங்கள். விரலில் தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே வராது.